அக்கா எண்ணிய பூக்கள்

என் அக்கா முப்பத்தொரு வருடம் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள். ஊசி குத்துவது, குழாயில் பிடிப்பது எல்லாம் மற்றவர்கள் வேலை. அக்காவுக்குக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்த ஒரு சொட்டு ரத்தமும் ஒரு மைக்ராஸ்கோப்பும் போதும். அதில் குனிந்தாள் என்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிரமாட்டாள். நூறு வெள்ளணுக்களை எண்ணவேண்டும், எந்த வகையில் எத்தனை என்று பிரித்து எழுதவேண்டும். சந்தேகம் வந்தால் இன்னொரு நூறு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை அக்கா தினமும் எட்டு மணி நேரம் செய்தாள். ஆய்வகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்த சாம்பிள் எதுவும் சரியில்ல" என்பாள்.

எனக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர். பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்கிறேன். பெயருக்குக் காரணம் சொல்லப்போவதில்லை, படிக்கப் படிக்க உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் ரத்தம் அக்காவின் மேஜைக்குத்தான் போகும். அவள் பார்த்துவிட்டாள் என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மேலே கையெழுத்துப் போடவேண்டிய டாக்டரம்மாவே அக்காவின் எழுத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார். என் வீட்டுக்காரரின் ரத்தத்தையும் அக்காதான் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தாள். நாலு மாதம் கழித்து அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆறே வாரம். போய்விட்டார்.

அதன் பிறகு ஐந்து மாதம் நானும் அக்காவும் அந்த ஸ்லைடைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அப்போது நோய் வந்திருக்காது, பிறகுதான் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். வசந்தம் முடிகிற நேரத்தில் ஒரு புதன்கிழமை அக்கா போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை மலைக்குப் போலாம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"போன்லயே சொல்லித் தொலையேன்."

"போன்ல சொல்ற விஷயம் இல்லடீ."

வைத்துவிட்டாள். மலைக்குப் போனால் அக்காவோடு திரும்பி வருவேனா, அக்காவே வேண்டாம் என்று வருவேனா என்று நாலு நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

மலை எங்களுக்குப் புதிதில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால், வசந்தத்தின் கடைசி ஞாயிறு, வருடா வருடம் போவோம். அக்கா வருடத்தில் எடுக்கிற ஒரே லீவு அதுதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. முந்தின வருடம் மூன்று பேராகப் போனோம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பையெல்லாம் அவர் முதுகில். மூச்சு வாங்கும்போதெல்லாம், "அண்ணி, இந்த மலைக்கு ஒரு லிஃப்ட் போட்டுடலாமா? வருஷத்துக்கு ரெண்டு சர்வீஸ் இலவசம்" என்பார். இந்த வருடம் பையை நான் சுமந்தேன். ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரு பிளாஸ்க் டீயும் இவ்வளவு கனக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலை ஏழு மணிக்கு பஸ் எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. முதல் திருப்பம் வரைக்கும் கற்படிகள். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் புல். அந்த வருடம் பூ கொட்டிக் கிடந்தது. விரல் நகம் அளவுக்கு மஞ்சள், கொத்துக் கொத்தாக வெள்ளை, ஈரமான இடங்களில் தலை கவிழ்ந்த ஊதா. எனக்கு ஒன்றின் பெயரும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. ஆனால் அவள் ரத்தத்தில் பார்க்கும் அணுக்களின் பெயரையெல்லாம் பூவுக்கு வைத்துவிடுவாள். ஆரஞ்சும் ரோஸும் கலந்த ஒரு பூவுக்கு ஈசினோபில் என்று பெயர் வைத்து இருபது வருடம் இருக்கும். அந்தப் பூவை இன்று யார் காட்டினாலும் எனக்கு அதுதான் வாயில் வரும்.

அன்றைக்கு அக்கா பூவுக்குப் பேர் சொல்லவில்லை. நடந்துகொண்டே தலையை ஒருபக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்ன, கோழி மாதிரி பாக்குற?"

"கழுத்துப் புடிச்சிருக்கு" என்றாள். உடனே, "அங்க பாரு, முயல்" என்றாள்.

எங்கே என்று நான் தேடுவதற்குள் இடது பக்கப் புதர் ஆடி அடங்கியது. வெள்ளை வால் மட்டும் கண்ணில் பட்டது. கொஞ்ச தூரம் போனதும் வலது பக்கச் சரிவில் மான் இருக்கிறது என்றாள். நான் நின்று, கண்ணை இடுக்கி, அவள் சொன்ன மரத்தைக் கண்டுபிடித்து, அதன் நிழலில் ஒரு தாயும் குட்டியும் நிற்பதைப் பார்க்க ஒரு நிமிடம் ஆனது. அறுபது வயதாகப் போகிறது, என்ன கண்ணடீ இவளுக்கு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஓரத்தில் அசைவதெல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

பிறகுதான் பாம்பு. பாதை கொஞ்சம் அகலமாகி வெயில் நேராக விழுகிற இடம். அக்கா முன்னால், நான் பின்னால். பாதைக்குக் குறுக்கே, என் மணிக்கட்டுப் பருமனில், பழுப்பாக நீட்டிப் படுத்திருந்தது. ஒளிந்தெல்லாம் இல்லை. குழந்தைகூடப் பார்த்துவிடும். அக்கா நேராக அதை நோக்கி நடந்தாள். பார்த்துவிட்டுத்தான் நிற்பாள், இதோ நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கடைசி அடியில் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் புல்லில் விழுந்தோம்.

"என்னடீ?"

"பாம்பு."

"எங்க?"

இரண்டு அடி தள்ளி இருந்தது. அவள் தலையைச் சாய்த்தாள், இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். "ஆமா, இருக்கு" என்றாள் மெதுவாக. பாம்பு எங்களைச் சட்டை செய்யாமல் தன் பாட்டுக்கு இறங்கிப் போனது. நான் கத்தினேன். கண்ணை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயா, உனக்கும் ஏதாவது ஆனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று என்னவெல்லாமோ. அக்கா புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிறவள்.

உச்சிக்குக் கீழே ஒரு தட்டைப் பாறை. அதன் பக்கத்துச் சரிவு முழுவதும் ஒரே நீலம். வருடா வருடம் அக்கா அங்கே ஒரு காரியம் செய்வாள். பையிலிருந்து முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எடுத்துத் தரையில் சதுரமாகப் போட்டு, உள்ளே எத்தனை பூ என்று எண்ணுவாள். அதற்கு ஆய்வகச் சட்டம் உண்டு. மேல் கோட்டிலும் இடது கோட்டிலும் படுகிற பூ கணக்கில் வரும். கீழ்க் கோட்டிலும் வலது கோட்டிலும் படுவது வராது. அணுக்களை எண்ணுவதும் அப்படித்தானாம், இல்லாவிட்டால் பக்கத்துச் சதுரத்தை எண்ணும்போது ஒரே ஆள் இரண்டு தடவை வந்துவிடுவானாம். எதற்கு இந்த வேலை, யாருக்கு வேண்டும் இந்தக் கணக்கு என்று நான் கேட்காத வருடமில்லை. "ரிப்போர்ட் எப்ப வரும் அண்ணி?" என்பார் அவர். "சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க மாப்பிள்ளை" என்பாள்.

அன்றைக்குக் கயிற்றைப் போட்டுவிட்டு, "நீயும் எண்ணு" என்றாள்.

"நான் எதுக்கு?"

"எண்ணேன்."

மண்டியிட்டு இரண்டு பேரும் எண்ணினோம். எனக்கு அறுபத்தேழு வந்தது. அவளுக்கு நாற்பத்தொன்று. நான்தான் சொதப்பியிருப்பேன் என்று இன்னொரு தடவை எண்ணினேன். அதே அறுபத்தேழு. அவளும் இன்னொரு தடவை எண்ணினாள். முப்பத்தெட்டு.

"நீ எண்ணினதுதான் சரி" என்றாள்.

ஐம்பத்திரண்டு வருடத்தில் என் அக்கா என்னிடம் அப்படிச் சொன்னதேயில்லை.

"நடுவுல தெரியலடீ" என்றாள் அக்கா. "எதை நேராப் பாக்குறேனோ அது இருக்காது. அழுக்கு மாதிரி ஒண்ணு மறைக்குது. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. கண் டாக்டர் மூணு வாரம் முன்னாடிதான் சொன்னாரு. இனிமே திரும்பாதாம்."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

ஒரு வருடத்துக்கு மேல் என்றால் எது அதற்குள் வருகிறது என்று எனக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் வட்டத்துக்கு நடுவே மங்கலாக ஒரு திட்டு தெரிந்ததாம். லென்ஸில் அழுக்கு என்று துடைத்தாள். போகவில்லை. அழுக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு வழி உண்டு. கண் வைக்கிற லென்ஸைத் திருகவேண்டும், கூடவே அழுக்கும் சுற்றினால் அது அந்த லென்ஸில் இருக்கிறது. சுற்றவில்லை. ஸ்லைடை நகர்த்தவேண்டும், கூடவே நகர்ந்தால் ஸ்லைடில். நகரவில்லை. அப்படியானால் கருவிக்கு உள்ளே எங்கேயோ என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பழுது பார்க்கிறவரை மூன்று முறை வரவழைத்தாள். ஒன்றுமில்லை மேடம் என்று அவர் சொன்னபோது, உனக்கு வேலை தெரியவில்லை என்று சண்டை போட்டு அனுப்பினாள். பல்பை மாற்றினாள். மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். எல்லாவற்றையும் சோதித்தவள் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கவில்லை. முப்பது வருடமாகக் குறை எப்போதும் கருவியில்தான் இருந்தது. தன் கண்ணில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"டாக்டர் சொன்ன மறுநாள் மாப்பிள்ளை ஸ்லைடை எடுத்து டாக்டரம்மாகிட்ட குடுத்தேன்."

"யாரு கேட்டா உன்ன?"

"யாரும் கேக்கல." கயிற்றைச் சுருட்டினாள். "நூத்துக்குப் பதினெட்டு. பதினெட்டு அணு இருக்கவே கூடாதது. நான் எல்லாத்தையும் சாதா வெள்ளணுன்னு எண்ணியிருக்கேன். அணு எண்ணுற மெஷின் அன்னைக்கே சொல்லுச்சு, ஆள் திரும்பப் பாக்கணும்னு. மெஷின் உளறுதுன்னு நான்தான் தள்ளிவிட்டேன்."

"அப்பவே தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"அதையும் கேட்டேன். அப்ப ஆரம்பிச்சிருந்தா பத்துல நாலு பேர் பொழைக்கிறாங்களாம்."

நாலு. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விதி என்று சொல்லியிருக்கலாம். எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எண்ணைத் தூக்கி என் முகத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதையும் மறைக்கப்போவதில்லை. "உன் கர்வம்தான் அவரைக் கொன்னுச்சு" என்றேன். "நீ செத்தாலும் நான் வரமாட்டேன்" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு தனியாக இறங்கினேன். அவள் கூப்பிடவில்லை.

இரண்டு திருப்பம் தாண்டியதும் நின்றுவிட்டேன். பாதையோரம் உட்கார்ந்து அழுதேன். ஆள் இல்லாத இடம், வாய்விட்டே அழுதேன். அழுது ஓய்ந்து அசையாமல் இருந்தபோது காலையில் பார்த்த மான், குட்டியோடு, பத்தடியில் வந்து நின்று பூவைத் தின்றுகொண்டிருந்தது. அக்கா பேர் வைத்த ஈசினோபில் பூ. ஒவ்வொன்றாகப் பறித்து மென்றது. நான் மூக்கை உறிஞ்சியதும் காதைத் திருப்பிப் பார்த்தது, பிறகு மறுபடியும் தின்றது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் நான் எட்டு ஒன்பது மாதமாக நினைக்காமல் தள்ளி வைத்திருந்தது வந்தது. அக்கா ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் அவருக்குக் களைப்பு தீரவில்லை. முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொள்ளாமலே நீலம் நீலமாகக் கன்றியது. ஒருநாள் சாப்பிடும்போது, "பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிடலாமா?" என்றார். "அங்க எங்க அக்காவ விடப் பெரிய ஆளா இருக்காங்க?" என்று சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, போய்க் காட்டட்டுமா என்றார். "பிரஷ்ஷ மாத்துங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா" என்றேன். அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் நான்தான் வேண்டாம் என்றேன்.

எழுந்து மேலே ஏறினேன். மேல் திருப்பத்துக்குப் போகும்போதே அவளைப் பார்த்துவிட்டேன். பாறை மேடு மேடாக இறங்குகிற இடம். அக்கா உட்கார்ந்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள். காலை நீட்டி அடுத்த கல் எங்கே என்று துழாவுவது, கையை ஊன்றி இறங்குவது, மறுபடி காலை நீட்டுவது. ஆய்வகத்தையே அதட்டி மேய்த்தவள் சின்னப் பிள்ளை மாதிரி தேய்த்துத் தேய்த்து வந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டு, "யாருங்க?" என்றாள்.

"பட்டாசு" என்றேன்.

என் தோளில் கையை வைத்துக்கொண்டாள். நான் ஒரு அடி முன்னால். "கல்", "பள்ளம்", "வேர்", "படி" என்று சொல்லிச் சொல்லி இறக்கினேன். ஏறும்போது இரண்டு மணி நேரம் ஆன வழி, இறங்க நாலு மணி நேரம் ஆனது. கடைசிக் கற்படிகளில் அவளாகப் பேசினாள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாளாம். ஒரு வருடத்து ஸ்லைடு முழுவதையும் வேறு ஆள் திரும்பப் பார்க்கவேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். பார்த்தவரைக்கும் இதே மாதிரி நோய் தவறிப்போன இன்னொருவர் அகப்பட்டாராம், அவர் உயிரோடு இருக்கிறாராம்.

"எல்லாம் நான் பண்ணினதுதான்" என்றாள். "இதுல உனக்கு ஒரு பங்கும் இல்ல. நீ எதையும் போட்டு மனசக் கொழப்பிக்காத."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "படி" என்றேன். "இன்னும் ஒரு படி."

இப்போது அக்கா என்னோடுதான் இருக்கிறாள். என் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். சில நாள் அவள் தட்டை ணங்கென்று வைக்கிறேன். அவளும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் ஓரப் பார்வையால் வீட்டுக்குள் நன்றாக நடமாடுகிறாள், காய் நறுக்குகிறாள், கேஸை நான் அணைக்காமல் விட்டால் அவள்தான் கண்டுபிடிக்கிறாள். எழுத்து மட்டும் தெரிவதில்லை. சாயங்காலம் நான் வந்ததும் செய்தித்தாளையும் தபாலையும் படித்துக் காட்டவேண்டும்.

பத்து நாளாக நான் எதையோ தட்டிக்கொண்டிருப்பது அவள் காதில் விழுந்திருக்கிறது. நேற்றுக் கேட்டாள்.

"என்னடீ எழுதுற?"

"உன்னப் பத்தித்தான்."

"படி, கேப்போம்."

படித்தேன். சாம்பிள் சரியில்லை என்ற இடத்தில் சிரித்தாள். பாம்பு, கயிறு, அறுபத்தேழு எல்லாம் படித்தேன். நான் அவளைப் பேசிய பேச்சையும் விடாமல் படித்தேன். மான் பூவைத் தின்ற இடம் வந்தது. அடுத்த பத்தியை விட்டுவிட்டு, எழுந்து மேலே ஏறினேன் என்று தாண்டிவிட்டேன்.

"இரு" என்றாள் அக்கா. "மான் பூ தின்னதப் பாத்துட்டு உடனே எழுந்து வந்துட்டியா? உன் கோவம் அவ்வளவு சீக்கிரம் எறங்காதே. நடுவுல என்ன விட்ட?"

அந்தப் பத்தியைப் படித்தேன். பெரிய ஆஸ்பத்திரி, பிரஷ், எல்லாம். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவதானா?"

நான் மறுபடியும் அந்தப் பத்தியில் கண்ணை வைத்தேன்.

"சரியா எண்ணிச் சொல்லு."

"மூணு" என்றேன். மூன்றாவது தடவை அவர் என்னைக் கேட்கவேயில்லை. சட்டையைப் போட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். நான்தான் வாசல் வரைக்கும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன்.